கோஸ் இலையேறி வந்த வெள்ளையன்

கடுகைத் தாளித்தால் மணக்கும். அரைத்து ஊறவைத்தால் உச்சந்தலைக்கு ஏறும். ஆவக்காய் போடும் வீடுகளில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரே விதை வாணலியில் சாதுவாகவும் அம்மியில் ஆக்ரோஷமாகவும் இருப்பது ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால், சுமார் 9 கோடி ஆண்டுப் பழைய ஒரு தகராறில் போய் முட்டிக்கொள்வோம். தகராறின் ஒரு பக்கம் கடுகின் பரம்பரை. மறுபக்கம், கோஸ் தோட்டங்களின் மேல் தத்தித் தத்திப் பறக்கும் வெள்ளைப் பட்டாம்பூச்சியின் பரம்பரை.

சண்டை இப்படித் தொடங்கியது. கடுகு இனத்துச் செடிகள் தங்கள் திசுக்களில் இரண்டு பொருள்களைத் தனித்தனியே பூட்டி வைத்திருக்கின்றன. ஒன்று குளுக்கோசினோலேட் என்னும் கந்தகச் சேர்மம். இன்னொன்று மைரோசினேஸ் என்னும் நொதி. இலையைக் கடித்தாலோ விதையை நசுக்கினாலோ இரண்டும் கலந்து, மூக்கைத் துளைக்கும் காரம் பிறக்கும். கொதிக்கும் எண்ணெயில் நொதி முதலிலேயே செத்துப்போவதால்தான் தாளித்த கடுகு நம்மைச் சும்மா விடுகிறது. பெரும்பாலான பூச்சிகளுக்கு அந்தக் காரம் விஷம். இந்த ஆயுதம் கடுகிடம் மட்டும் இல்லை. கோஸ், முள்ளங்கி, டர்னிப் எல்லாம் அதே குடும்பம். ஒரு படி மேலே போனால் முருங்கை, பப்பாளி, நல்வேளை ஆகியவையும் அதே வரிசையைச் சேர்ந்த தூரத்துச் சொந்தங்கள். பப்பாளி விதையைக் கடித்துப் பார்த்தவர்களுக்கு உறவு உடனே புரியும்.

இந்த வரிசைச் செடிகள் தோன்றி ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுக்குள் வெள்ளைப் பட்டாம்பூச்சிகளின் முன்னோர் பூட்டுக்குக் கள்ளச்சாவி செய்துவிட்டார்கள். புழுவின் குடலில் ஒரு புரதம். இலையை மென்றதும் காரமாக மாறவேண்டிய பொருளை அது வழிமறித்து, அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரைலாகத் திருப்பிவிடுகிறது. ஜெர்மனியின் யேனா நகரில் ஊட்டே விட்ஸ்டாக் குழுவினர் 2004-இல் இந்தச் சாவியைக் கண்டுபிடித்தார்கள். செடியும் சும்மா இருக்கவில்லை. மரபணுக்களை இரட்டிப்பாக்கிப் புதிய புதிய விஷங்களைத் தயாரித்தது. பூச்சியும் தன் பங்குக்குச் சாவியைத் திருத்திக்கொண்டது. இப்படி மாறி மாறி நடந்த சண்டையின் தழும்புகளை இரு தரப்பு மரபணுக்களிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது 2015-இல் வந்த ஓர் ஆய்வு. அம்மியில் நாம் அரைக்கும் காரம், பூச்சிகளை விரட்டுவதற்காகச் செடி கூட்டிக் கூட்டிச் சேர்த்தது. நாம் இடையில் வந்த ரசிகர்கள்.

இதில் வேடிக்கை, விஷமே விலாசமாகிப் போனதுதான். தாய்ப் பட்டாம்பூச்சி இலையில் இறங்கியதும் முன்னங்கால்களால் அதைத் தட்டிப் பார்க்கும். சுவையறியும் உறுப்பு அதன் பாதத்தில் இருக்கிறது. குளுக்கோசினோலேட் தட்டுப்பட்டால்தான் முட்டை. ஆம்ஸ்டர்டாமில் இருந்த தாவரவியலாளர் வெர்ஷாஃபெல்ட் 1910-இல் இதைப் புழுக்களிடம் சோதித்தார். அவை வழக்கமாகத் திரும்பியும் பார்க்காத இலைகளில் கடுகுச் சேர்மத்தைத் தடவி வைத்தார். புழுக்கள் ஏமாந்து தின்றன. செடிகள் தயாரிக்கும் ரசாயனமே பூச்சிகளின் உணவுத் தேர்வை ஆள்கிறது என்று முதன்முதலில் காட்டிய சோதனைகளுள் அது ஒன்று.

கோடிக்கணக்கான ஆண்டுகள் இது காட்டுக் கடுகுகளோடு நடந்த உள்ளூர் விவகாரம். மனிதர் கையில் கோஸ் வந்தபிறகுதான் கதை பயணக் கதை ஆகிறது. மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியில் யாரோ சிலர் காட்டுச் செடி ஒன்றைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, இலை பெரிதானதை ஒருவர், தண்டு பருத்ததை ஒருவர், மொட்டு திரண்டதை ஒருவர் என்று பொறுக்கி வளர்த்தார்கள். முட்டைக்கோஸ், நூல்கோல், காலிஃபிளவர், ப்ரொக்கோலி எல்லாம் ஒரே இனம் என்பது நம்ப முடியாததாக இருந்தாலும் உண்மை. ரோமானிய அரசியல்வாதி கேட்டோ கிறிஸ்து பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே விவசாய நூல் ஒன்றில் கோஸைக் காய்கறிகளின் அரசனாக்கி, எல்லா நோய்க்கும் மருந்து என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்தார். அந்த நூலை எழுதியது அரசியல்வாதி என்று நம்புவது எனக்குக் கடினமாக இல்லை.

இதற்கிடையில் மனிதர்கள் தெரியாமலே செய்த உதவி ஒன்று உண்டு. கசப்பும் காரமும் குறைந்த, கனிவான, தடித்த இலைகளை ஏக்கர் கணக்கில் ஒரே இடத்தில் நட்டார்கள். காட்டில் செடி செடியாகத் தேடித் திரிந்த பூச்சிக்கு இது பந்திப் பாய் விரித்த மாதிரி.

பந்தி கிழக்கு நோக்கி நீண்டது. பட்டுப்பாதையில் வணிகர்கள் போனார்கள், விதைகள் போயின, டர்னிப்பும் கடுகும் கீரைவகைகளும் ஊருக்கு ஊர் வேர்விட்டன. பின்னாலேயே சிறிய வெள்ளை என்று அழைக்கப்படும் நம் பட்டாம்பூச்சியும் போயிற்று. ஐரோப்பியக் கிளையும் ஆசியக் கிளையும் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் பிரிந்ததாக மரபணுக் கணக்கு சொல்கிறது. பட்டுப்பாதை வணிகம் செழித்திருந்த காலம் அது. பூச்சி ஒட்டகத்தில் ஏறியிருக்கத் தேவையில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் தாவினாலே போதும். தோட்டங்களை மனிதர்கள் வரிசையாகப் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

ஜப்பானில் இது இன்று வீட்டுப் பிள்ளை. அங்கே மூன்றாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் மாணவர்கள் கோஸ் இலையோடு முட்டையை எடுத்துவந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு விரிக்கும்வரை பார்த்துக் குறிப்பெழுதுகிறார்கள். ஆணும் பெண்ணும் நம் கண்ணுக்கு வெள்ளையோ வெள்ளைதான். முன்சிறகில் ஆணுக்கு ஒரு கரும்புள்ளி, பெண்ணுக்கு இரண்டு என்று எண்ணித்தான் பிரிக்கவேண்டும். பூச்சிகளுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஜப்பானியக் கிளையில் பெண்ணின் சிறகு புற ஊதா ஒளியைப் பளீரென்று திருப்பி அனுப்புகிறது, ஆணின் சிறகு அதை விழுங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் ஒபாரா யோஷியாகி 1970-இல் விளக்கினார். நமக்கு வெறும் வெள்ளையாகத் தெரிவது அவர்கள் கண்ணில் இரண்டு நிறங்கள். ‘சாதாரண வெள்ளைப் பூச்சி’ என்று இதை ஒதுக்குபவர்கள் தங்கள் கண்ணின் குறையைப் பூச்சியின் மேல் போடுகிறார்கள்.

ஐரோப்பாவில் இதற்கு இன்னொரு பங்காளி உண்டு, பெரிய வெள்ளை. சிறியது முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். பெரியது கொத்துக் கொத்தாக இடும், சில வருடங்களில் படை திரட்டிப் புறப்படும். 1508 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. அப்போது இங்கிலாந்தின் கையில் இருந்த கலே துறைமுகத்தில், ஊருக்கு வெளியே மைதானத்தில் சிலர் அம்பெய்து பழகிக்கொண்டிருந்தார்கள். வடகிழக்கிலிருந்து வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் வரத் தொடங்கின. மாலை நான்கு மணிக்கு எதிரே இருந்த ஊரே கண்ணுக்குத் தெரியாத அளவு அவை அடர்ந்துவிட்டன என்று கலேயின் வரலாற்றுக் குறிப்பேடு பதிவுசெய்கிறது. நான்கு நூற்றாண்டு கழித்து, 1911-இல், இங்கிலாந்தின் நார்ஃபோக் சதுப்பு நிலத்தில் இப்படி வந்திறங்கிய கூட்டம் ஒன்று பூச்சிதின்னிச் செடியான பனித்துளிச் செடியின் பசையில் சிக்கிக்கொண்டது. சுமார் இரண்டு ஏக்கரில் 60 லட்சம் பட்டாம்பூச்சிகள் என்று மதிப்பிட்டார் அங்கிருந்த தாவரவியலாளர் எஃப். டபிள்யூ. ஆலிவர். விஷச்செடியை ஏமாற்றப் பழகிய இனம் தேன்துளி போல மின்னும் பசையில் ஏமாந்தது.

ஏமாறுவதில் இவர்களையும் மிஞ்சியவர்கள் உண்டு. 1602-இல் இத்தாலியின் பொலோன்யா நகரத்து அறிஞர் அல்ட்ரோவாண்டி, கோஸ் புழு ஒன்றைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் சின்னச்சின்ன உருண்டைகள் ஒட்டியிருப்பதைக் கண்டு, புழு முட்டையிட்டிருக்கிறது என்று எழுதினார். புழு முட்டையிடாது என்பது நமக்குத் தெரியும். உண்மையில் அவை கோட்டேசியா என்னும் கொசு அளவு ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள். தாய்க்குளவி இளம் புழுவுக்குள் முட்டைகளைக் குத்தி வைக்கும். குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து மஞ்சள் கூடு கட்டும். பெரிய வெள்ளையின் புழு அதற்குப் பிறகும் உடனே சாவதில்லை. தன்னைத் தின்றவர்களின் கூடுகள் மேல் பட்டுநூல் பின்னி, நெருங்குபவர்களைத் தலையால் முட்டி விரட்டி, காவல் காத்துவிட்டுச் சாகிறது. நடந்தது என்ன என்பதைச் சரியாகச் சொல்ல 1706-இல் இன்னொரு இத்தாலிய அறிஞர் வல்லிஸ்னேரி வரவேண்டியிருந்தது.

குளவிகளுக்கு வழிகாட்டுவது யார் என்றால் அதுவும் கோஸ்தான். புழுவின் எச்சில் பட்டதும் இலை ஒரு தனி வாசனையை வெளியிடுகிறது. குளவி அதை மோப்பம் பிடித்து வருகிறது. இன்னொரு குளவி, அரை மில்லிமீட்டர் மட்டுமே இருக்கும் டிரைகோகிராமா, இலைக்காகக் காத்திருப்பதில்லை. பெரிய வெள்ளையின் ஆண், கூடியபின் பெண்ணின் மேல் ஒரு வாசனையைப் பூசிவிடுகிறது. மற்ற ஆண்கள் நெருங்காதிருக்க அது வேலி. அந்த வேலியே குளவிக்கு விளம்பரப் பலகை. ‘இவள் முட்டையிடப் போகிறாள்’ என்று புரிந்துகொண்டு, பட்டாம்பூச்சியின் மேல் ஏறி உட்கார்ந்து, முட்டையிடும் இடம்வரை டிக்கெட் இல்லாமல் பயணம் செய்து, இட்ட முட்டைக்குள் தன் முட்டையை வைக்கிறது. 2005-இல் இது வெளியானபோது பூச்சியியலாளர்களே சற்று வாயடைத்துப் போனார்கள் என்றுதான் நினைக்கவேண்டும்.

லின்னேயஸ் 1758-இல் சிறியதுக்கும் பெரியதுக்கும் முறைப்படி பெயர் சூட்டினார். அதோடு அவரை விட்டுவிடலாம். அதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்னால், 1541-இல், ஒரு பிரெஞ்சுக் கப்பல்தலைவர் செய்ததுதான் நம் கதைக்கு முக்கியம். ஜாக் கார்ட்டியே தன் மூன்றாம் பயணத்தில் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் கோஸ் விதைத்தார். அன்றிலிருந்து மூன்று நூற்றாண்டுகள் வட அமெரிக்கக் குடியேறிகள் கோஸும் டர்னிப்பும் வளர்த்தார்கள், இந்தப் புழுவின் தொல்லை இல்லாமல். பந்தி தயார், விருந்தாளி மட்டும் வரவில்லை.

1860-இல் வந்தது, அதே ஆற்றங்கரையில் இருந்த கியூபெக் துறைமுகத்துக்கு. வில்லியம் கூப்பர் என்ற சேகரிப்பாளர் கையில் முதலில் அகப்பட்டது. கப்பல் சமையலுக்கு ஏற்றிய கோஸில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்பது அக்கால ஊகம். அதன் வாழ்க்கை வட்டத்தைப் பார்த்தால் ஊகம் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

ஒரு மில்லிமீட்டர் உயரத்தில், வரிவரியாக, நிறுத்தி வைத்த குப்பியைப் போன்ற முட்டை. சில நாளில் பொரிந்த புழுவின் முதல் சாப்பாடு தன் முட்டையின் ஓடு. பிறகு வெல்வெட் பச்சையில், இலை நரம்போடு நரம்பாகப் படுத்துக்கொண்டு, இரண்டு மூன்று வாரம் தின்னும். நான்கு முறை தோலுரிக்கும். முதுகில் உள்ள நுண்மயிர்களின் நுனியில் எண்ணெய்த் துளிகள். எறும்பு தொட்டால் பின்வாங்கி வாயைத் துடைத்துக்கொள்ளும். முழுதாக வளர்ந்ததும் இடுப்பில் ஒரு பட்டுநூல் கச்சை கட்டிக்கொண்டு, இலையோ சுவரோ மரப்பலகையோ எதிலாவது கூட்டுப்புழுவாக ஒட்டிக்கொள்ளும். சுற்றுப்புறம் பச்சை என்றால் பச்சை, பழுப்பு என்றால் பழுப்பு. கோடையில் பத்து நாள் வாக்கில் பட்டாம்பூச்சி. குளிர்காலம் வந்துவிட்டால் மாதக்கணக்கில் அப்படியே உறங்கும். உண்ணாது, அசையாது, கப்பல் பலகையின் நிறத்திலேயே இருக்கும். அட்லாண்டிக்கைக் கடக்க இதைவிடச் சிக்கனமான பயணியை யார் கண்டது? கரையில் இறங்கிய ஒரு தாய் சில நூறு முட்டை இடும். சிறகு முளைத்தபின் அதற்கு இரண்டு மூன்று வாரமே வாழ்வு என்றாலும், வெப்பமான ஊர்களில் ஆண்டுக்கு ஆறேழு தலைமுறை ஓடிவிடும்.

ஓடியது. 1868-இல் நியூயார்க். அங்கிருந்து தெற்கே, மேற்கே. சரக்கு ரயில்கள் கோஸையும் புழுவையும் சேர்த்தே இறக்கின. பாஸ்டனில் இருந்த பூச்சியியலாளர் சாமுவேல் ஸ்கடர் ஒரு காரியம் செய்தார். ‘உங்கள் ஊரில் இந்த வெள்ளைப் பூச்சியை முதலில் எப்போது பார்த்தீர்கள்?’ என்று நாடெங்கும் உள்ள பூச்சி ஆர்வலர்களுக்கு எழுதிக் கேட்டார். வந்த பதில்களை வைத்து, ஆண்டுக்கு ஓர் அலையாக அது நகர்ந்த கதையை 1887-இல் வரைபடத்தோடு வெளியிட்டார். 26 ஆண்டில் அட்லாண்டிக் கரையிலிருந்து ராக்கி மலை அடிவாரம்வரை. இப்படி ஓர் ஊடுருவலை, அது நடந்துகொண்டிருக்கும்போதே, தபால் மூலம் பின்தொடர்ந்த முயற்சி அதற்குமுன் அரிது.

விவசாயிகளின் புகாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அமெரிக்க விவசாயத் துறையின் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலி. 1883-இல் அவர் இங்கிலாந்திலிருந்து அல்ட்ரோவாண்டி ஏமாந்த அதே மஞ்சள் கூடுகளை வரவழைத்துத் தோட்டங்களில் விட்டார். பூச்சியைத் தின்னும் குளவி ஒன்றை ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்குத் திட்டமிட்டுக் கொண்டுபோய்க் குடிவைத்தது அதுவே முதல் முறை. இன்று உலகெங்கும் நடக்கும் உயிரியல் பூச்சிக் கட்டுப்பாட்டுக்குப் பிள்ளையார் சுழி கோஸ் தோட்டத்தில் போடப்பட்டது.

சுழி கொஞ்சம் கோணலாகவும் விழுந்தது. வட அமெரிக்காவின் சொந்தப் பிள்ளையான கடுகு வெள்ளை, காட்டோரங்களில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வாழ்ந்த பட்டாம்பூச்சி. இறக்குமதியான குளவி அதையும் விட்டுவைக்கவில்லை. மாசசூசெட்ஸ் போன்ற இடங்களில் அது மறைந்தே போகுமோ என்ற நிலை வந்தது. 1988-இல் சீனாவிலிருந்து இன்னொரு கோட்டேசியாக் குளவி வந்தது. இது சிறிய வெள்ளையை மட்டுமே விரும்பும் ஜாதி. பழைய குளவியைப் போட்டியில் ஓரங்கட்டியது. கடுகு வெள்ளை மெல்ல மூச்சு விடத் தொடங்கியது. தவறு சரியானதில் திட்டம் பாதி, அதிர்ஷ்டம் பாதி என்பது என் கணக்கு.

ரைலி குளவிகளை வரவழைத்த அதே 1880-களில் லண்டனில் ஓர் இளைஞர் வேறொரு கேள்வியோடு உட்கார்ந்திருந்தார். இந்தச் சிறகுகளின் நிறம் எதனால் ஆனது? ஃப்ரெடரிக் கவ்லண்ட் ஹாப்கின்ஸுக்குச் சிறுவயதிலிருந்தே பட்டாம்பூச்சிப் பித்து. வெள்ளை, மஞ்சள் வகைகளின் சிறகுகளிலிருந்து நிறமியைப் பிரித்தெடுத்து 1889-இல் முதல் குறிப்பை வெளியிட்டார். யூரிக் அமிலத்தின் உறவு என்று நினைத்தார். அது சரியில்லை, அதனால் விஷயம் கிடப்பில் போனது. அவரோ வைட்டமின்கள் பக்கம் போய் 1929-இல் நோபல் பரிசு வாங்கினார். 1920-களில் மியூனிக்கில் வேதியியலாளர்கள் ஹைன்ரிச் வீலாண்டும் கிளெமென்ஸ் ஷோப்ஃபும் சிறகுகளை மறுபடி கையிலெடுத்தார்கள். மஞ்சளிலிருந்து ஒரு நிறமி, கோஸ் வெள்ளையிலிருந்து லியூகோப்டெரின் என்னும் இன்னொன்று. இந்தக் குடும்பத்துக்கே டெரின் என்று பெயர். ஒரு பூச்சியில் கிடைப்பது துளியிலும் துளி என்பதால் பட்டாம்பூச்சிகள் மூட்டைக் கணக்கில் தேவைப்பட்டன. கட்டமைப்பை முழுதாக அவிழ்க்க 1940 ஆயிற்று.

சிறகு நிறத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பம்பாய் போகவேண்டும். 1920-களின் இறுதியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் அங்கே துணி ஆலைகளில் வேலைசெய்த கர்ப்பிணிகளின் கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்தால் தேறினார்கள். சாற்றில் இருந்த பொருள் எது என்று தெரியவில்லை. அது கீரையிலும் ஈரலிலும் இருப்பது பின்னால் தெரிந்தது. ஃபோலிக் அமிலம் என்று 1941-இல் பெயர் வைத்தார்கள். அதன் உட்கட்டமைப்பைப் பிரித்தறிந்து செயற்கையாகத் தயாரித்தது நியூயார்க் அருகே லெடர்லே ஆய்வகம். அங்கே ஆராய்ச்சியை நடத்தியவர் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் அங்கி அணிந்ததற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு மருத்துவப் பட்டம் கிடைக்காமல் கடல்கடந்தவர். அவர் குழு ஃபோலிக் அமிலத்தைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது டெரின் வளையம், கோஸ் வெள்ளையின் சிறகில் இருப்பதன் நெருங்கிய உறவு.

அந்த வளையத்தைச் சற்றுத் திருத்தி, ஃபோலிக் அமிலம்போல் நடித்து அதன் இடத்தை மறிக்கும் போலி ஒன்றை அதே ஆய்வகம் செய்தது. பெயர் அமினோப்டெரின். பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய்ச் சிறார்களுக்குக் கொடுத்தார். 16 பேரில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது என்று 1948 ஜூனில் அறிவித்தார். அதுவரை அந்த நோய் எந்த மருந்துக்கும் அசைந்து கொடுத்ததில்லை. இன்று புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் தரப்படும் மெதோட்ரெக்ஸேட் அந்தப் போலியின் தம்பி. சுப்பாராவ் அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார். சிறகில் தொடங்கிவைத்த ஹாப்கின்ஸ் அதற்கு ஓராண்டு முன்பே போய்விட்டார். வைட்டமின்காரரான அவர் முதலில் தொட்ட நிறமியே ஒரு வைட்டமினின் பாகத்துக்கு உறவு என்று தெரியவர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பின்னர் டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்தினர், 1990-களில், இதே பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழுவில் புற்றுநோய்ச் செல்களைத் தற்கொலைக்குத் தூண்டும் பியரிசின் என்ற புரதத்தையும் கண்டார்கள். அது இன்னும் மருந்தாகவில்லை.

பார்த்துச் செய்வதில் பொறியாளர்களும் பின்தங்கவில்லை. மேகமூட்டமான நாளிலும் மற்ற பட்டாம்பூச்சிகளுக்கு முன்பே கோஸ் வெள்ளைகள் பறந்துவிடுவது எப்படி? சிறகுகளை அரைகுறையாக விரித்து, சூரிய ஒளியை உடலின் மேல் குவித்துக்கொள்கின்றன. எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் கேட்டி ஷாங்ஸ் குழுவினர் 2015-இல் அளந்தார்கள். சிறகைத் தட்டையாக வைப்பதைவிட 17 பாகைக் கோணத்தில் வைத்தால் உடல்வெப்பம் 7.3 டிகிரி செல்சியஸ் கூடுகிறது. உடனே சிறகையே சிறிய சூரிய மின்தகட்டின் இருபுறமும் நிறுத்திப் பார்த்தார்கள். மின்சாரம் 42 சதவீதம் கூடியது.

நம் பயணி அதற்குள் பசிபிக்கையும் தாண்டிவிட்டது. ரயிலேறிச் சான்ஃபிரான்சிஸ்கோ சேர்ந்த சிலவற்றின் வாரிசுகள் 1930-இல் நியூசிலாந்தில் தலைகாட்டின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மெல்போர்னிலும். 2010-இல் நியூசிலாந்தின் நெல்சன் நகரத்தில் பெரிய வெள்ளையும் வந்து இறங்கியபோது அரசு விழித்துக்கொண்டது. அந்நாட்டுக்கே உரிய அரிய கடுகினச் செடிகள் இருக்கின்றன, விட்டால் போச்சு. வீடு வீடாகத் தோட்டங்களைச் சலித்தார்கள். 2013 பள்ளி விடுமுறையில், பிடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு பெரிய வெள்ளைக்கும் 10 டாலர் என்று பிள்ளைகளுக்கு அறிவித்தார்கள். நூற்றுக்கு மேல் வந்து சேர்ந்தன. 2016-இல் முற்றாக ஒழித்தாயிற்று என்று அறிவித்தார்கள். ஒரு பட்டாம்பூச்சியை ஒரு நாட்டிலிருந்து இப்படித் துடைத்தெடுத்தது உலகில் அதுவே முதல் முறை. சிறிய வெள்ளையோ அதே தோட்டங்களில் நிம்மதியாகப் பறந்துகொண்டிருக்கிறது.

சான்ஃபிரான்சிஸ்கோ என்று எப்படித் தெரியும்? ஸ்கடர் பாணியில் மறுபடி தபால்தான். ஷான் ரையன் என்ற ஆய்வாளர், உங்கள் ஊர்ச் சிறிய வெள்ளையைப் பிடித்து அனுப்புங்கள் என்று உலகத்தைக் கேட்டார். 32 நாடுகளிலிருந்து, 150-க்கு மேற்பட்டவர்கள், 3,000-க்கு மேல் அனுப்பினார்கள். மரபணுக்களை ஒப்பிட்டுக் குடும்ப மரம் வரைந்து 2019-இல் வெளியிட்டார்கள். ஐரோப்பாவின் கிழக்கு மூலை, பட்டுப்பாதை, கியூபெக், ரயில், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா என்று நான் மேலே சொல்லிவந்த தடத்தில் பெரும்பகுதி அந்த உறைகளில் வந்ததுதான். இன்று இந்தப் பூச்சி காலூன்றாத கண்டங்கள் இரண்டே, அண்டார்டிகாவும் தென் அமெரிக்காவும்.

தமிழ்நாட்டுக்காரர்கள் இங்கே கேட்கக்கூடும்: ஊட்டியில் நாம் பார்ப்பது இதுதானா? இல்லை. ஜான் சல்லிவன் 1820-களில் நீலகிரியில் ஆங்கிலக் காய்கறிகளைக் கொண்டுவந்து நட்டார். ஆனால் தென்னகத்து மலைகளில் பறப்பது ஆசியாவுக்கே உரிய கனிடியா வெள்ளை, இதன் பங்காளி. பெரிய வெள்ளை வட இந்தியாவில் கடுகையும் கோஸையும் தின்று, வெயில் ஏற ஏறச் சமவெளியிலிருந்து இமயமலைப் பக்கம் ஒதுங்கும். நம் சந்தைக்கு வரும் கோஸில் ஓட்டை போடுவது பெரும்பாலும் இவர்கள் யாருமில்லை. வைரமுதுகு அந்துப்பூச்சி என்னும் வேறொரு ஆசாமி. அதன் பயணத்துக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

கலிஃபோர்னியாவில் ஆர்தர் ஷபிரோ என்ற பேராசிரியர் 1972-இல் ஒரு போட்டி வைத்தார். சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் ஆண்டின் முதல் சிறிய வெள்ளையை உயிரோடு பிடித்து வருபவருக்கு ஒரு ஜாடி பீர். மாணவர்கள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். ஆனால் எங்கே தேடவேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும் என்பதால் பெரும்பாலான ஆண்டுகளில் அவரே வென்றார். அரை நூற்றாண்டுத் தேதிகள் சேர்ந்தபோது, பூச்சி முன்னைவிடச் சீக்கிரமாகவே கூட்டைவிட்டு வருகிறது என்ற போக்கு அதில் தெரிந்தது. வசந்தத்தின் முதல் கோஸ் வெள்ளையை ஜப்பானிய வானிலைத் துறையும் பல பத்தாண்டுகளாகக் குறித்துவந்தது. 2021 தொடக்கத்தில் அது விலங்கு, பறவை, பூச்சிக் குறிப்புகள் அத்தனையையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டது. நகரம் பெருகப் பெருக, வானிலை நிலையங்களைச் சுற்றி அவற்றைக் கண்ணில் காண்பதே கடினமாகிவிட்டது என்பது அவர்கள் சொன்ன காரணம்.